டயரின் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

ஆயுத பூஜை நெருங்கும் நாட்களில் கறம்பக்குடியின் வாட்டர் சர்வீஸ் கடைகளில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. தேங்காய் ஏற்றும் குட்டியானைகள், டிராக்டர்கள், ஆட்டோக்கள், வீட்டுக் கார்கள், பைக்குகள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். பிரஷர் பம்ப்பில் தண்ணீர் பீய்ச்சிச் செம்மண்ணைக் கரைத்து, ஷாம்பு நுரை பூசி, மறுபடி அலசி, துணியால் ஒற்றி எடுத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். கழுவியவர் சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்பாஞ்சை நனைத்து, டயரின் பக்கவாட்டில் வட்டமாகத் தேய்ப்பார். சாம்பல் பூத்துக் கிடந்த ரப்பர் கண்ணெதிரே கறுப்பாகும். பாலிஷ் போட்ட டயர்தான் கழுவிய வண்டிக்கு முழுமை தருகிறது.

அந்த ஸ்பாஞ்சில் இருப்பது எது என்பது கடைக்குக் கடை மாறும். ஒரு இடத்தில் டீசல். இன்னொரு இடத்தில் இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயில். வீட்டு வாசலில் கழுவுகிறவர்கள் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்ப்பதும் உண்டு. கொஞ்சம் பெரிய கடைகளில் பால்போல வெளுத்த திரவம் ஒன்று கேனில் இருக்கும். அன்று மாலை எல்லா டயரும் ஒன்றுபோலவே மின்னும். சில மாதங்கள் போன பிறகு அவற்றின் கதைகள் பிரியும். எது டயரைக் காக்கும், எது அரிக்கும் என்று தெரிந்துகொள்ள, டயரின் தோலுக்குள் நடக்கும் வேதியியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் பாலில் பிறந்த கறுப்பு

ரப்பர் பிறக்கும்போது வெள்ளை. மரப்பட்டையைக் கீறினால் வடிவது பால். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழித்தோன்றல்கள் இலங்கையிலும் மலேயாவிலும் காடாக வளர்ந்தன. அந்தக் காடுகளில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். கறம்பக்குடி இருக்கும் இதே புதுக்கோட்டை மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்த அகிலன், அந்தத் தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையைத்தான் ‘பால்மரக் காட்டினிலே’ என்ற நாவலாக எழுதினார். இன்று நம் மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரங்களில் ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே 1984-ல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகம் இயங்குகிறது.

பாலை உறைய வைத்துக் கிடைக்கும் ரப்பரில் டயர் செய்ய முடியாது. வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள்; இடியாப்பம்போல ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. இழுத்தால் நழுவிவிடும். 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது இளகாமல் உறுதிப்படுவதைக் கண்டார். கந்தகம் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் போட்டு, எல்லாவற்றையும் ஒரே வலையாக்கிவிடுகிறது. இழுத்துவிட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பும் குணம் அந்தப் பாலங்களால் வருகிறது. வல்கனைசிங் என்று பஞ்சர் கடைப் பலகைகளில் எழுதியிருப்பது இந்த வேலையைத்தான்.

ஆனாலும் அந்தக் காலத்து டயர் வெளிறித்தான் இருந்தது. கலவையில் சேர்த்த துத்தநாக ஆக்சைடு அதற்கு வெண்மை தந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் சில்வர்டவுன் பகுதியில் இருந்த ரப்பர் தொழிற்சாலையில், கார்பன் கரியைச் சேர்த்தால் ரப்பரின் வலிமை பல மடங்கு கூடுவதைக் கண்டறிந்தார்கள். எண்ணெயைக் குறைந்த காற்றில் எரித்துப் பிடிக்கும் மிக நுண்ணிய புகைக்கரி அது. இன்றைய டயர் ஒன்றின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தக் கரிதான். சங்கிலிகள் கரித்துகளைப் பற்றிக்கொள்வதால் தேய்மானம் குறைகிறது. வெயிலின் புறஊதாக் கதிரைக் கரி உறிஞ்சிக்கொள்வதால், கதிர் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் பிழைக்கிறது. ஆக, டயரின் கறுப்பு அழகுக்காக ஏற்றிய சாயம் இல்லை. அது டயரின் வலிமையும் குடையும் ஆகும். தோலிலிருந்து உட்புறம் வரை ஒரே கறுப்பு. வெளியே நாம் பார்க்கும் வெளிறல் கறுப்பு போய்விட்டதால் வருவது இல்லை. கறுப்பை ஏதோ ஒன்று மறைப்பதால் வருவது.

கண்ணுக்குத் தெரியாத கத்தி

குட்இயர் கந்தகத்தோடு போராடிக்கொண்டிருந்த அதே 1839-ல், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் தண்ணீரை மின்சாரத்தால் பகுக்கும்போது ஒரு விசித்திர நெடியை உணர்ந்தார். அடுத்த ஆண்டு அதற்கு ஓசோன் என்று பெயரிட்டார். ரப்பருக்கு உயிர் கொடுத்த கண்டுபிடிப்பும் அதன் முதல் எதிரியின் அறிமுகமும் ஒரே காலத்தில் நேர்ந்தன.

ரப்பர் சங்கிலியில் ஒழுங்கான இடைவெளிகளில் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஓசோன் மூலக்கூறு அந்த இடத்தைத் தேடிப் பிடித்து வெட்டும். சங்கிலி அறுந்த இடத்தில், ரப்பர் இழுவிசையில் இருந்தால், வாய் பிளக்கும். பிளந்த வாயில் புதிய ரப்பர் வெளிப்படும். ஓசோன் அதையும் வெட்டும். இழுவிசைக்குச் செங்குத்தான திசையில் கோடு கோடாக வெடிப்புகள் ஓடுவது இதன் அடையாளம். வெயில் மட்டும் பட்டுக் காய்ந்த ரப்பரில் வெடிப்புகள் திசையின்றி வலைப்பின்னலாக இருக்கும். ஓசோன் வெட்டியதில் ஒழுங்கு தெரியும்.

ஒரு காலத்தில் இந்த வெடிப்பையே அளவுகோலாக வைத்து ஓசோனை அளந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்த 1950-களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆரி ஹாகன்ஸ்மிட், வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டுகளில் வெடிப்பு விழ எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக் காற்றிலிருந்த ஓசோனைக் கணக்கிட்டார். வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன என்று காட்டியவரும் அவரே.

நகரத்துக் காற்றில்தான் ஓசோன் இருக்கும், கறம்பக்குடிக்கு அது வராது என்று எண்ண வேண்டாம். ஓசோன் உருவாக நேரமும் வெயிலும் வேண்டும். நகரத்தில் கிளம்பிய புகை காற்றோடு நகர்ந்து கிராமப்புறத்தை அடையும்போது அங்கே ஓசோன் கூடுவது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. வெயில் உச்சி தாண்டிய பிற்பகலில் அது அதிகம். நூறு கோடி மூலக்கூறுகளில் சில பத்து ஓசோன் மூலக்கூறுகள் இருந்தாலே ரப்பருக்குப் போதும்.

புளியமரத்தடியில் மாதக்கணக்காக அவிழ்த்து விட்டிருக்கும் ஒரு டயர் மாட்டுவண்டியை அருகில் போய்ப் பார்த்தால் இது விளங்கும். சாலையைத் தொடும் பட்டன் அதிகம் தேயாமல் இருக்கும். ஆனால் தரையை ஒட்டிப் பிதுங்கியிருக்கும் இடத்தில், எழுத்துகளும் விளிம்புகளும் எழும்பும் மடிப்பில், நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். பாரம் தாங்கி ரப்பர் இழுபட்டு நிற்கும் இடங்கள் அவைதாம். ஓடாத டயருக்கும் முதுமை வரும்.

பழுப்பு நிறத்தின் பொருள்

இந்தக் கத்திக்கு எதிராக டயர் செய்கிறவர்கள் இரண்டு காவலர்களை ரப்பருக்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள். ஒன்று மெழுகு. ரப்பரில் கரையாமல் மெல்ல மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்து, ஒரு மெல்லிய ஏடாகப் படர்ந்து ஓசோனைத் தடுக்கும். வண்டி நிற்கும்போது இந்த ஏடு நன்றாக வேலை செய்யும். ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் ஏடு முறிந்துவிடும். அப்போது இரண்டாவது காவலர் தேவை. 6-பிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த வேதிப்பொருள், டயர் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதுவும் உள்ளிருந்து மேலே ஊர்ந்து வரும். ஓசோன் ரப்பரை எட்டுவதற்கு முன் அதைத் தானே எதிர்கொண்டு, வினைபுரிந்து தீர்ந்துபோகும்.

அப்படித் தீர்ந்த 6-பிபிடி பழுப்பு நிறமாக மாறுகிறது. நாலு மாதம் ஓடிய டயரின் பக்கச்சுவரில், எவ்வளவு தண்ணீர் பீய்ச்சினாலும் போகாமல், துருவேறியதுபோல ஒரு காவி நிறம் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் செம்மண் பூமியில் அதை மண் என்றே பலரும் நினைக்கிறார்கள். மண் முதல் அலசலில் போய்விடும். எஞ்சி நிற்பது, ரப்பருக்காக ஓசோனை ஏற்றுக்கொண்ட காவலரின் மிச்சம்.

அதைத் தேய்த்து எடுப்பதில் கெடுதல் இல்லை. வேலை முடிந்த பொருள் அது. உள்ளே இருப்பு இருக்கும் வரை புதிய 6-பிபிடி மேலே வந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த இருப்பு அளவானது. டயர் செய்த நாளில் என்ன வைத்தார்களோ அதுதான். பிறகு யாராலும் நிரப்ப முடியாது. ஆகவே டயரில் நாம் பூசும் எந்தப் பொருளிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது உள்ளிருக்கும் மெழுகையும் 6-பிபிடியையும் விட்டுவைக்குமா, உருவி எடுக்குமா?

மின்னுவது எப்படி?

இப்போது கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம். ரப்பரின் மேல் படும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் பரப்பிலிருந்தே திரும்பிவிடும். மிச்சத்தைக் கரி விழுங்கிவிடும். புதிய டயரின் பரப்பு வழவழப்பாக இருப்பதால், அந்த 4 சதவீதமும் ஒரே திசையில் போகிறது. அந்தத் திசையில் நின்றால் மினுமினுப்பு; மற்ற எல்லாப் பக்கமிருந்தும் ஆழ்ந்த கறுப்பு. பழைய டயரின் பரப்பு நுண்ணிய மேடுபள்ளமாகிவிடுகிறது. மெழுகும் தூசியும் சேர்ந்துகொள்கின்றன. அதே 4 சதவீத ஒளி இப்போது எல்லாத் திசைகளிலும் சிதறும். எங்கே நின்று பார்த்தாலும் கொஞ்சம் வெளிச்சம் கண்ணில் விழும். கறுப்பின் மேல் போர்த்திய அந்த வெளிச்சத்தைத்தான் சாம்பல் நிறம் என்கிறோம்.

இதில் ஒரு திரவத்தைத் தடவினால், அது பள்ளங்களை நிரப்பிச் சமதளமாக்குகிறது. சிலிக்கோன் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.40, ரப்பருக்குச் சுமார் 1.52. இரண்டும் நெருங்கிய எண்கள் என்பதால், எண்ணெய்க்கும் ரப்பருக்கும் நடுவில் திரும்பும் ஒளி 0.2 சதவீதம்கூடத் தேறாது. மேடுபள்ளம் அப்படியே இருக்கிறது; ஒளிக்குத்தான் அது தெரிவதில்லை. மழை பெய்ததும் செம்மண் தரை அடர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான். தண்ணீர் தொட்டாலே டயர் கறுப்பாகிறதே, அதுவும் இதுதான். தண்ணீர் ஆவியாகிவிடும், சிலிக்கோன் ஆகாது. பாலிஷின் ரகசியம் அவ்வளவே.

இதிலிருந்து முக்கியமான ஒன்று தெரிகிறது. பளபளப்பு முழுக்க முழுக்க மேற்பரப்பின் விவகாரம். டயர் புதிதானதற்கோ வலுவானதற்கோ அது சான்று ஆகாது. ரப்பரைத் தொந்தரவு செய்யாமல் பரப்பை மட்டும் சமன்செய்கிற பொருள் எதுவோ, அதுவே நல்ல பாலிஷ்.

ஸ்பாஞ்சில் எதை எடுப்பது?

இந்த அளவுகோலை வைத்துக் கடைகளில் புழங்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டீசலும் மண்ணெண்ணெயும் ஹைட்ரோகார்பன்கள். ரப்பரும் ஹைட்ரோகார்பன். இனம் இனத்தோடு சேரும் என்பது வேதியியலில் பொதுவான விதி. கந்தகப் பாலங்கள் இருப்பதால் ரப்பர் கரைந்து ஓடாது. ஆனால் டீசலை உறிஞ்சி உப்பும். உப்பிய வலையின் கண்கள் அகலும். உள்ளிருக்கும் மெழுகும் 6-பிபிடியும் எளிதாகக் கரைந்து வெளியேறும். உப்பிய ரப்பர் மெத்தென்று இருப்பதால் டயருக்கு உயிர் வந்ததுபோலத் தெரியும். சில வாரங்களில் அது வறண்டு, காவலர் இல்லாத ரப்பர் ஓசோனிடம் அகப்படும். வண்டிக்கு அடியில் துரு பிடிக்காமல் இருக்க டீசல் ஸ்பிரே அடிக்கும் வழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது. அப்போது டயரிலும் சஸ்பென்ஷன் புஷ்களிலும் விழும் டீசல் அதே வேலையைத்தான் செய்யும்.

வடித்த இன்ஜின் ஆயில் இன்னும் மோசம். ரப்பரை உப்ப வைப்பதோடு, அதில் உலோகத் துகள்களும், பெட்ரோல், டீசல் எரியும்போது உண்டான நச்சுச் சேர்மங்களும் இருக்கின்றன. அதைக் கையுறை இல்லாமல் நாள் முழுக்கத் தொடும் தொழிலாளியின் தோலுக்கு அது தீங்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே அதைக் கைவிட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் டீசல் அளவுக்கு ரப்பருக்குள் புகுவதில்லை. ஆனால் காயவே காயாது. கறம்பக்குடியைச் சுற்றியுள்ள எந்தச் செம்மண் பாதையில் போனாலும், பத்து நிமிடத்தில் தூசி முழுவதும் அதில் ஒட்டிக் குழைந்துவிடும். போட்டதற்குப் போடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகும்.

பூட்ஸ் பாலிஷும் கறுப்பு பெயிண்டும் இன்னொரு வகை. எஃப்.சி. காட்டப் போகும் லாரிகளில் பெயிண்ட் பூசிய டயரைப் பார்க்கலாம். டயர் ஒவ்வொரு சுற்றிலும் வளையும். பெயிண்ட் அந்த அளவுக்கு வளையாது. சீக்கிரமே செதில் செதிலாக உரியும். அதுவரை, பார்க்க வேண்டிய வெடிப்புகளை மூடி மறைத்துவிடும். அதுதான் பெரிய ஆபத்து.

மிஞ்சுபவை கடையில் விற்கும் டயர் பாலிஷ்கள். இவை இரண்டு ரகம். கண்ணாடிபோலத் தெளிவாக, பெட்ரோல் வாடையோடு இருப்பவை, சிலிக்கோனைப் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்தவை. பளபளப்பு அதிகம், மழையிலும் நிற்கும். ஆனால் அந்தக் கரைப்பான் டீசலின் உறவுக்காரர். அடிக்கடி போட்டால் அதே உருவும் வேலையைச் சிறிய அளவில் செய்யும். பால்போல வெளுத்து, வாடை குறைவாக இருப்பவை, சிலிக்கோனை நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்தவை. துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெளுத்துத் தெரிகின்றன. தண்ணீர் உலர்ந்ததும் துளிகள் ஒன்றுசேர்ந்து தெளிந்த படலமாகிவிடும். சிலிக்கோனின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்தது. ஹைட்ரோகார்பன் ரப்பரோடு அது எளிதில் கலப்பதில்லை. அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் ரப்பரின் மேல் தானாகவே பரவும். மின்னல் கொஞ்சம் குறைவு. புதிய டயரின் இயல்பான மங்கிய கறுப்புக்கு இதுதான் நெருக்கம்.

சில டயர் நிறுவனங்கள் சிலிக்கோன் பாலிஷ்கூட வேண்டாம், சோப்பும் தண்ணீருமே போதும் என்று அறிவுறுத்துகின்றன. அதில் நியாயம் இருக்கிறது. பாலிஷ் டயருக்கு உணவோ மருந்தோ கிடையாது. ஆனால் போடுவதென்று முடிவு செய்தால், தண்ணீர் ரகமே என் பரிந்துரை.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

எவ்வளவு போட வேண்டும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு நடுத்தரக் கார் டயரின் விட்டம் சுமார் 60 சென்டிமீட்டர், நடுவே ரிம் 38 சென்டிமீட்டர். பக்கச்சுவரின் பரப்பு ஏறக்குறைய 1,700 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் பாலிஷை அதில் சீராகப் பரப்பினால் 30 மைக்ரான் தடிமன் கிடைக்கும். அதில் சிலிக்கோன் கால் பங்கு என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த பிறகு நிற்பது 7 அல்லது 8 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பள்ளங்களை நிரப்ப இதுவே போதும். டயருக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் ஊற்றுவது எல்லாம் படலமாக நிற்காது. வண்டி கிளம்பியதும் சுழற்சியின் வேகத்தில் தெறித்து மட்கார்டிலும் கதவிலும் கோடு போடும்.

போடும் முறையில் முக்கால் பங்கு கழுவுவதுதான். டயர் சூடாக இருக்கக் கூடாது. மே மாத வெயிலில் ஓடி வந்த டயரில் ஷாம்பு போட்டால் அலசுவதற்குள் காய்ந்து கறையாகும். நிழலில் நிறுத்தி ஆறவிட வேண்டும். பிறகு கெட்டியான நைலான் பிரஷால் ஷாம்பு போட்டுத் தேய்க்க வேண்டும். முதலில் வரும் நுரை காபி நிறத்தில் வழியும்: மண், பழைய பாலிஷ், பழுத்த 6-பிபிடி எல்லாம் அதில் இருக்கின்றன. நுரை வெளுத்து வரும் வரை அலசி அலசித் தேய்க்க வேண்டும். அழுக்கின் மேல் போட்ட பாலிஷ் அழுக்கைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும், ரப்பரைத் தொடாது.

அடுத்தது உலர்த்துவது. எழுத்துகளின் இடுக்கிலும் ரிம் விளிம்பிலும் தண்ணீர் தேங்கியிருந்தால் அங்கே பாலிஷ் நீர்த்துத் திட்டுத் திட்டாக நிற்கும். துணியால் ஒற்றி, கால் மணி நேரம் காற்றாட விடுவது நல்லது. பிறகு பாலிஷை ஸ்பாஞ்சில்தான் விட வேண்டும். டயரில் நேராகத் தெளிக்கக் கூடாது. மேலிருந்து தொடங்கிச் சுற்றிவந்து, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தித் தரையில் அழுந்தியிருந்த பகுதிக்கும் போட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, பழைய பனியன் துணியால் மிச்சத்தைத் துடைத்துவிட்டால், தொட்டால் கையில் ஒட்டாத படலம் நிற்கும். அரை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம். இன்னும் மின்ன வேண்டுமானால் இரண்டாவது மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் தடிமனாகப் பூசுவது வேண்டாம்.

தொடக் கூடாத இடங்கள்

சிலிக்கோன் உராய்வைக் குறைக்கும். டயரோ உராய்வை நம்பித்தான் ஓடுகிறது. ஆகவே சாலையைத் தொடும் பட்டன் பகுதியில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. காரிலும் லாரியிலும் பக்கச்சுவர் சாலையைத் தொடாது என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. பைக் அப்படி இல்லை. திருப்பத்தில் பைக் சாயும். நேராக ஓடும்போது காற்றில் இருந்த டயரின் ஓரம் அப்போது சாலையைப் பிடிக்கும். மொத்த வண்டியும் ஓட்டுபவரின் உயிரும் உள்ளங்கை அளவு ரப்பரின் பிடியில் இருக்கும் கணம் அது. பைக் டயருக்குப் பாலிஷ் வேண்டவே வேண்டாம். வாட்டர் சர்வீஸில் அவர்களாகப் போட வந்தாலும் தடுத்துவிடுங்கள். பிரேக் டிஸ்க்கும், பிரேக் கட்டை உரசும் சைக்கிள் ரிம்மும் இதே பட்டியலில் சேர்பவை.

கடை நடத்துகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பக்கத்தில் டிங்கரிங், பெயிண்டிங் வேலை நடந்தால், சிலிக்கோனை ஸ்பிரேயாக அடிக்காதீர்கள். காற்றில் மிதக்கும் அதன் நுண்துளி பெயிண்ட் அடிக்கப் போகும் தகட்டில் படிந்தால், அந்தப் புள்ளியில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி வட்டமாகக் குழி விழும். எது நம் டயரில் தானாகப் பரவியதோ, அதே குறைந்த பரப்பு இழுவிசைதான் அங்கே பெயிண்டை விலக்குகிறது.

கழுவிய தண்ணீர் போகும் இடம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள ஓடைகளில், மழை பெய்ததும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. பல ஆண்டுகள் காரணம் புரியாமல் இருந்த அந்தச் சாவுக்கு 2020 டிசம்பரில் விடை கிடைத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜென்யூ தியான், எட்வர்ட் கோலோட்ஸி ஆகியோரின் குழு, டயரிலுள்ள 6-பிபிடி ஓசோனோடு வினைபுரியும்போது உண்டாகும் 6-பிபிடி குயினோன் என்ற சேர்மமே காரணம் என்று காட்டியது. அடுத்து வந்த ஆய்வில், ஒரு லிட்டர் நீரில் 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவே கோஹோ மீன்களில் பாதியைக் கொல்லப் போதும் என்று தெரிந்தது. எல்லா மீனுக்கும் இப்படி இல்லை. அதே அளவை எந்தத் தீங்கும் இல்லாமல் தாங்கும் இனங்களும் உண்டு. 6-பிபிடிக்கு மாற்று தேடும் வேலை இன்று டயர் ஆய்வகங்களில் நடந்துவருகிறது.

நம் ஊர்க் குளங்களில் கோஹோ இல்லை. ஆனால் டயர் கழுவிய காபி நிறத் தண்ணீரில் ரப்பர் தூசி, ஆயில், வேதிப்பொருள் எல்லாம் இருக்கின்றன என்பது உறுதி. அது நேரே வாய்க்காலிலும் குளத்திலும் கலக்க வேண்டியதில்லை. வாட்டர் சர்வீஸ் தரையிலிருந்து வழியும் நீர் முதலில் ஒரு வண்டல் தொட்டியில் தேங்கி, கசடு கீழே படிந்து, ஆயில் மேலே பிரிந்த பிறகு வெளியேறினால் பெரும்பகுதி அழுக்கு அங்கேயே நின்றுவிடும். மாடு தண்ணீர் குடிக்கும் குளத்தில் டிராக்டரை இறக்கிக் கழுவும் வழக்கத்தை இந்தத் தலைமுறையிலாவது நாம் விட்டுவிட வேண்டும்.

பாலிஷுக்கு முன் பார்வை

நன்றாகக் கழுவிய டயர், பாலிஷ் போடுவதற்கு முந்தைய அந்தக் கால் மணி நேரத்தில், தன்னைப் பற்றிய எல்லா உண்மையையும் காட்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை டயர் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்; பத்து ஆண்டு ஆகியிருந்தால், பட்டன் எவ்வளவு மீதம் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். பட்டன் பள்ளங்களுக்குள் சிறு திண்டுகள் குறுக்கே ஓடும். கார் டயரில் அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து பட்டன் அந்தத் திண்டுக்குச் சமமாகிவிட்டால், மழைநீரை ஒதுக்கும் திறன் அந்த டயருக்கு இல்லை.

பிறகு உள்ளங்கையால் பக்கச்சுவரை ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அந்த டயர் எந்த நேரமும் வெடிக்கலாம். மயிரிழை வெடிப்புகள் மேலோடு நின்றால் கவனித்தால் போதும். நகம் இறங்கினாலோ, உள்ளே நூல் தெரிந்தாலோ, அந்த டயரின் வேலை முடிந்தது. லாரி வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியான பணக் கணக்கும் ஆகும். பட்டன் தேய்ந்த டயரை ரீபட்டன் செய்து மறுபடி ஓட்டுவது தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் தொழிலின் முதுகெலும்பு. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1952-ல் முதலில் இறங்கிய டயர் சார்ந்த தொழிலும் ரீபட்டனுக்கான ரப்பர் தயாரிப்புதான். பட்டனை மறுபடி ஒட்டலாம். பக்கச்சுவரை ஒட்ட முடியாது. டீசல் உருவி வெடித்த பக்கச்சுவருள்ள டயரை ரீபட்டன் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். டயரின் இரண்டாவது ஆயுள் அங்கேயே போய்விடும்.

எனவே ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது, பாலிஷைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எண்ணைப் படியுங்கள், திண்டைப் பாருங்கள், பக்கச்சுவரைத் தடவுங்கள். தேறிய டயருக்கு ஒரு தேக்கரண்டி போதும். தேறாத டயருக்குச் செலவழிக்க வேண்டியது பாலிஷ் காசு இல்லை, புது டயர்க் காசு.